நேரடி ஒலியா, டப்பிங்கா? சின்னப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு

"கையில் முப்பது லட்சம்தான் இருக்கிறது. லைவ் சவுண்ட் வைக்கலாமா, டப்பிங்கோடு போய்விடலாமா?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் முதல் படம் எடுக்கத் துணிந்த பிள்ளைகள். கேமரா, லென்ஸ், லொக்கேஷன் எல்லாம் முடிவு செய்து, பட்ஜெட் தாளின் கடைசி வரிக்கு வந்த பிறகு கேட்கிறார்கள். அதற்குள் பாதி முடிவு தானாகவே எடுக்கப்பட்டிருக்கும். ரைஸ் மில்லுக்கு எதிரே வீடு பிடித்தாகிவிட்டது என்றால் அப்புறம் ஒலியைப் பற்றி என்ன பேசுவது?

உதவி இயக்குநராகவும் பிறகு தயாரிப்பு நிர்வாகத்திலும் சின்னப் படங்களிலேயே பல வருடம் ஓடியிருக்கிறேன். படப்பிடிப்பில் நடிகர் பேசும்போதே குரலைப் பதிவு செய்வது நேரடி ஒலி, அதாவது லைவ் சவுண்ட். பிற்பாடு தியேட்டரில் மறுபடி பேசவைத்துச் சேர்ப்பது டப்பிங். இந்த ஒரு முடிவு நடிப்பு, நாட்கள், எடிட்டிங், விற்பனை எல்லாவற்றையும் தொடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டப்பிங் எப்படி நமக்குப் பழக்கமானது என்று பார்த்துவிடலாம். 1931இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் நடிகர் பேசும்போதே ஒலியைப் பதிவு செய்தார்கள். பிறகு ஸ்டூடியோ ஃப்ளோரை விட்டு வெளியே போய்ப் படம் எடுக்கும் காலம் வந்தது. தூக்கிக்கொண்டு ஓட வசதியாக இருந்த ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா, தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு பதிவான பேச்சைப் பைலட் டிராக்காக (வழிகாட்டிப் பதிவாக) மட்டும் வைத்துக்கொண்டு, சென்னைக்குத் திரும்பி டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசவைத்தார்கள். இன்றைய டிஜிட்டல் கேமரா கிட்டத்தட்ட சத்தமே போடுவதில்லை. டப்பிங்குக்கான மூல காரணம் போய்விட்டது, பழக்கங்கள் மட்டும் தங்கிவிட்டன. ஷாட் ஓடும்போதே இயக்குநர் "இப்ப திரும்பு, இப்ப கண்ணைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தை பிராம்ப்ட் செய்வார். தெருமுனையில் ஜெனரேட்டர் ஓடும். மைக் வாடகைக்குக் கிடைத்துவிடும், இந்தப் பழக்கங்களை விடுவதுதான் பெரும்பாடு.

எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் பேசப்போவது யார்? பயிற்சி பெற்ற நடிகர்களா, அந்த ஊர்க்காரர்களா, தமிழ் தெரியாதவர்களா? இதுதான் தலையாய கேள்வி.

எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு எடுக்கப்போகிறீர்கள்? ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில் மைக்செட்டும், மார்கழி விடியற்காலைப் பாட்டும், தேர்தல் நேரத்து ஆட்டோ பிரச்சாரமும் பட்ஜெட் தாளில் வராது, படப்பிடிப்பில் வரும்.

உங்கள் ஒரு நாள் படப்பிடிப்புச் செலவு எவ்வளவு? ஒலிக்கு ஆகும் மொத்தச் செலவைவிட இந்த எண் முக்கியம். ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எடிட்டிங்கில் கதையை எவ்வளவு மாற்றுவீர்கள்? கடைசியாக, படம் எங்கே போகப்போகிறது? திரைப்பட விழாவா, ஓடிடியா, ஊர்த் தியேட்டரா?

நேரடி ஒலி

இதன் பெரிய லாபம் நடிப்புதான். ஒருவர் அழுதுகொண்டே பேசும்போது மூச்சு எங்கே அறுந்தது, எச்சிலை எங்கே விழுங்கினார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மட்டும் நடப்பவை. நான்கு மாதம் கழித்து ஏசி அறையில் நின்று அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடிய நடிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் சின்னப் படத்தில் நமக்குக் கிடைப்பவர்கள் எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

ஒரு படத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் நடித்தார். பேரனைத் திட்டும் காட்சியில், எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு அவராகவே பேசினார். யூனிட்டே அசந்து நின்றது. டப்பிங்குக்காக அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து தங்கவைத்து, சாலிகிராமத்தில் ஒரு தியேட்டரில் நிறுத்தினோம். காதில் ஹெட்போன், எதிரே திரையில் அவர் முகம், கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள். "யார்கிட்ட தம்பி பேசணும்? இங்கிட்டு ஒருத்தரையும் காணோமே" என்றார். பதினோரு வரிக்கு இரண்டு நாள் ஆனது. அப்படியும் அந்தக் கோபம் வரவில்லை. வேறு ஒருவரைப் பேசவைத்துப் படத்தை முடித்தோம். ஊரில் திரையிட்டபோது பாட்டி கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பேசுறது யாரு?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சிக்கு ஒரு பூமும் (நீண்ட கோலின் நுனியில் மாட்டிய மைக்) ஒரு ரெக்கார்டரும் இருந்திருந்தால் போதும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். ஒலிப்பதிவாளர், பூம் பிடிப்பவர் என்று குறைந்தது இரண்டு பேர், அவர்களுக்கான பேட்டா, சாப்பாடு, தங்குமிடம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத செலவு நேரம். நம் ஊர் வெயிலில் ஒவ்வொரு டேக்குக்கும் ஃபேனை நிறுத்த வேண்டும். மேக்கப் வழியும், நடிகர் களைப்பார், மூன்று டேக்குக்கு ஒருமுறை ஃபேனைப் போட்டு ஆளை ஆற்றி எடுக்க வேண்டும். பஸ் போகும்வரை காத்திருக்க வேண்டும். இரைச்சலுக்காக வீட்டுக்காரரின் ஃபிரிட்ஜை நிறுத்தினால் மறுபடி போட மறக்கக்கூடாது என்பதற்காக, ஒலிப்பதிவாளர்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவது உண்டு. சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா.

காலர் மைக் வைப்பதிலும் நம் உடைக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. பட்டுப்புடவை சரசரக்கும், கண்ணாடி வளையல் மோதும், தாலிச் சங்கிலி மைக்கில் உரசும். தோளில் துண்டு மட்டும் போட்டிருக்கும் பெரியவருக்கு மைக்கை எங்கே ஒளிப்பது? இதையெல்லாம் காஸ்ட்யூம் முடிவாகும்போதே ஒலிப்பதிவாளரிடம் பேசிவிட்டால் படப்பிடிப்பில் அரை மணி நேரம் மிச்சம்.

இன்னொன்று, 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வந்துவிட்டதால் ஆள் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ரெக்கார்டரில் அளவு மீறிக் கத்தினாலும் பதிவு உடையாது, அவ்வளவுதான். மைக் தூரத்தில் இருந்தால் தூரத்துக் குரல்தான் கிடைக்கும். ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக இருப்பதை மென்பொருளில் குறைக்கலாம். வசனத்தின் மேல் விழுந்த ஹாரனை எடுக்கப்போனால் பெரும்பாலும் குரல் தகரம் தட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

டப்பிங்

டப்பிங் என்றாலே மட்டம் என்ற பேச்சு விழாப் படக்காரர்களிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. எதார்த்தத்துக்குப் பேர்போன இத்தாலிய நியோ ரியலிசப் படங்களே பெரும்பாலும் பிற்பாடு குரல் சேர்க்கப்பட்டவைதான். நம் 'ஆடுகளம்' படத்தில் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் மதுரைச் சேவல்சண்டைக்காரராக நடித்தார், குரல் ராதாரவியுடையது. அந்த முகமும் அந்தக் குரலும் ஒட்டிக்கொண்டதால்தான் பேட்டைக்காரன் என்ற மனிதர் உருவானார். இது டப்பிங்கால் மட்டுமே முடிகிற ஒரு படைப்பு. 2022இல் தேசிய விருதில் நேரடி ஒலிக்கென்றே இருந்த பிரிவில் கன்னடப் படமான 'டொள்ளு' விருது பெற்றது. அது டப்பிங் செய்த படம் என்று ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி பொதுவில் எழுதினார், அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பாளரும் அதை உறுதி செய்தார். விருது பிழையாகப் போனது ஒருபுறம் இருக்கட்டும். நன்றாகச் செய்த டப்பிங்கை நடுவர் குழுவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

படப்பிடிப்பில் டப்பிங் தரும் சுதந்திரம் பெரிது. மழைக் காட்சிக்கு டேங்கர் லாரியும் மோட்டாரும் ஓடலாம். கூட்டத்துக்கு நடுவே ஒளித்துவைத்த கேமராவில் எடுக்கலாம். நடிக்கவே தெரியாத ஒருவருக்கு ஷாட்டின் நடுவே சொல்லிக்கொடுத்து எடுக்கலாம். இதில் ஒரு முரண் இருக்கிறது. ஊர்க்காரரின் குரலுக்கு நேரடி ஒலிதான் வேண்டும், அதே ஊர்க்காரரை வழிநடத்த டப்பிங் முறைதான் சுலபம். ஒத்திகைக்கு ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் இந்த முரண் தீரும். முடியாவிட்டால் எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

எடிட்டிங்கிலும் டப்பிங் கை கொடுக்கும். கதை புரியவில்லை என்று தெரிந்தால், பாத்திரம் முதுகு காட்டி நிற்கும் ஷாட்டில் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். சென்சாரில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் உதட்டசைவுக்கு ஏற்ற வேறு சொல்லைப் பேசவைக்கலாம். நேரடி ஒலிப் படத்தில் அந்த ஒரு சொல்லுக்காக நடிகரைத் தேடிப்போய், அறை எதிரொலியோடு பொருந்தும்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் நிறைய, அதுவும் கையில் காசு தீர்ந்த பிறகு வருகிறது. டப்பிங் படத்தில் ஒலி என்று எதுவுமே இல்லாத நிலையிலிருந்து தொடங்குகிறோம். செருப்புச் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம், புடவை அசைவு எல்லாவற்றையும் ஃபோலி கலைஞர் படத்தைப் பார்த்துத் தனியாகச் செய்து பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பின்னணிச் சூழலை அடுக்க வேண்டும். இதற்குப் பணம் இல்லாத படங்களில்தான் வயல்வெளியில் நிற்பவர் குளியலறையில் பேசுவது போலக் கேட்கிறது. தொடர்ந்து பின்னணி இசையைப் போட்டு அந்த ஓட்டையை மூடப் பார்ப்பார்கள், இசைக்கும் கேடு, காட்சிக்கும் கேடு. 'டு லெட்' மாதிரியோ 'கொட்டுக்காளி' மாதிரியோ பின்னணி இசையே இல்லாமல் படம் எடுக்க நினைத்தால், முழு டப்பிங்கில் ஒலி வடிவமைப்புச் செலவு பல மடங்கு கனக்கும்.

அடுத்தது நடிகரின் தேதி. படப்பிடிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து அவர் வேறு ஊரில் வேறு படத்தில் இருப்பார். சம்பளப் பாக்கி இருந்தால் டப்பிங்குக்கு வரமாட்டார். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. சின்ன நடிகர்களுக்குத் தங்கள் உழைப்புக்கான காசை வாங்க இருக்கும் ஒரே பிடி அந்த டப்பிங் நாள்தான். நேரடி ஒலியில் எடுத்தால் அந்தப் பிடி அவர்களிடம் இல்லை. ஆகவே அப்படி எடுப்பவர்கள் கடைசி நாள் படப்பிடிப்பிலேயே முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள். அந்தத் தொகையை முதல் நாளே தனியாக எடுத்துவையுங்கள்.

எடுத்த இடத்திலேயே, எடுத்த கையோடு

மூன்றாவது வழி ஒன்று உண்டு, இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. 1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி' படத்தை அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்தபோது அவர் கையில் இருந்தது சத்தம் போடும் 16 எம்எம் கேமரா. காட்சியை எடுத்து முடித்ததும் கேமராவை ஓரம் வைத்துவிட்டு, அதே இடத்தில் மைக்கை வாய்க்கு அருகே நீட்டி அதே வசனங்களை மறுபடி பேசவைத்துப் பதிவு செய்துகொண்டார். பிறகு எடிட்டிங்கில் பொருத்தினார்.

இது நமக்கு அருமையாகப் பொருந்துகிறது. சந்தைக் காட்சியோ பைக் காட்சியோ எடுத்த சூடு ஆறுவதற்குள், நடிகர்களைப் பத்தடி தள்ளி ஒரு மாட்டுத் தொழுவத்தின் ஓரமோ மூடிய காருக்குள்ளோ கூட்டிப்போய் இரண்டு முறை பேசவையுங்கள். கோபமும் மூச்சிரைப்பும் அப்படியே இருக்கும். எதிரே பேசிய ஆளும் அங்கேயே நிற்பார், காற்றோடு பேச வேண்டியதில்லை. எங்கள் பாட்டிக்கு இதைச் செய்திருந்தாலே போதும் என்று பிற்பாடு பலமுறை வருந்தியிருக்கிறேன்.

குறை என்னவென்றால், நீண்ட காட்சிகளில் உதட்டசைவு ஒட்டாது. எடிட்டருக்குச் சொல் சொல்லாக இழுத்துப் பொருத்தும் வேலை. எந்தப் பதிவு எந்த டேக்குக்கு என்று எழுதிவைக்க ஒரு உதவி இயக்குநர் முழுநேரமும் வேண்டும். அந்த நோட்டு தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அதனால் முழுப் படத்தையும் இப்படி எடுக்கச் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் நடப்பவை நேரடி ஒலி, தெருவில் நடப்பவை இந்த முறை, மிஞ்சுவது மட்டும் டப்பிங் என்று காட்சிவாரியாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. திரைக்கதைத் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறித்துவிட்டுத்தான் ஷெட்யூல் போட வேண்டும்.

| | நேரடி ஒலி | டப்பிங் | எடுத்த கையோடு பதிவு |
|---|---|---|---|
| செலவு வரும் நேரம் | படப்பிடிப்பின்போது | படம் முடிந்த பிறகு | படப்பிடிப்பில் கொஞ்சம், எடிட்டிங்கில் அதிகம் |
| ஊர்க்காரர் நடித்தால் | மிக நன்று | குரல் கெட வாய்ப்பு அதிகம் | நன்று |
| தமிழ் தெரியாத நடிகர் | கடினம் | இதுவே வழி | பயனில்லை |
| சத்தமான இடம் | நேரம் விரயம் | கவலையில்லை | சமாளிக்கலாம் |
| எடிட்டிங்கில் வசன மாற்றம் | கடினம் | சுலபம் | ஓரளவு |
| படப்பிடிப்பு நாள் | கூடும் | கூடாது | சற்றுக் கூடும் |

பணக் கணக்கு

கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 20 நாள் படப்பிடிப்பு, ஒரு நாள் செலவு 80,000 ரூபாய். ஒலிக் குழுவும் கருவியும் நாளுக்கு 12,000 என்றால் 20 நாளுக்கு 2,40,000. நேரடி ஒலியால் 2 நாள் கூடுகிறது என்று வையுங்கள், ஒலிக் குழுவோடு சேர்த்து நாளுக்கு 92,000 வீதம் அதற்கு 1,84,000. நேரடியாகச் சரியாகப் பதிவாகாத வரிகளுக்கு மூன்று கால்ஷீட் (ஷிஃப்ட்) டப்பிங் 30,000. ஆக 4,54,000.

அதே படத்தை டப்பிங்கில் முடித்தால் 16 கால்ஷீட் தியேட்டர் 1,60,000. வெளியூர் நடிகர்களின் பயணம், தங்கல், மாற்றுக் குரல் கலைஞர்கள் 80,000. கூடுதல் ஃபோலியும் சூழல் ஒலியும் 1,00,000. ஆக 3,40,000. வித்தியாசம் 1,14,000. ஒன்றரை நாள் படப்பிடிப்புச் செலவுகூட இல்லை.

இப்போது ஒரு நாள் செலவை மட்டும் 2,50,000 ஆக்கிப் பாருங்கள். கூடுதல் 2 நாளே 5 லட்சத்தைத் தாண்டிவிடும், வித்தியாசம் நாலரை லட்சத்தைத் தொடும். நேரடி ஒலி பெரிய படத்துக்கான வசதி என்று நினைக்கிறோம். உண்மையில் யூனிட் சிறியதாக இருக்க இருக்க அது மலிவாகிறது. பன்னிரண்டு பேர் காத்திருக்கும் செலவு வேறு, எண்பது பேர் காத்திருக்கும் செலவு வேறு. கேரவன், ஜெனரேட்டர், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எதுவும் இல்லாத யூனிட்டில் சத்தமும் குறைவு.

அந்த 1,14,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கேமராவிலிருந்துதான். வாடகைக்கு எடுக்கும் விலை உயர்ந்த சினிமா கேமராவையும் ஆறு லென்ஸையும் விட்டு, நடுத்தர கேமராவும் இரண்டு லென்ஸும் எடுங்கள். ஒளிப்பதிவாளர் வருத்தப்படுவார், உட்கார்ந்து பேசுங்கள். படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் அதைப் பாணி என்று எடுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் பத்து நிமிடத்தில் மொபைலை எடுத்துவிடுவார்.

யாருக்கு எது

ஒரே வீடு, நான்கைந்து பாத்திரம், வட்டார வழக்கு, புதுமுகங்கள் என்றால் யோசிக்காமல் நேரடி ஒலிக்குப் போங்கள். விழாக்களை எண்ணி எடுக்கும் படத்துக்கும் அப்படியே. சப்டைட்டில் படித்துக்கொண்டு பார்ப்பவருக்கு மொழி தெரியாவிட்டாலும், குரல் அந்த இடத்தில் இருந்து வருகிறதா என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

சாலையிலேயே நடக்கும் திரில்லர், வேற்றுமொழிக் கதாநாயகி, தெலுங்கு இந்தி உரிமைகளை விற்றுத்தான் கடன் அடைக்க வேண்டும் என்ற நிலை, இவற்றுக்கெல்லாம் டப்பிங். வேற்றுமொழி உரிமைக்கு, வசனம் இல்லாமல் இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள தனி டிராக் கேட்பார்கள். டப்பிங் படத்தில் அது ஏறக்குறைய கையில் இருக்கும். நேரடி ஒலிப் படத்தில் வசனத்தோடு சேர்ந்து பதிவான சத்தங்களை ஃபோலியில் மறுபடி செய்து நிரப்ப வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் அதை இன்றே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

மற்ற எல்லோருக்கும் காட்சிவாரியாகக் கலந்து எடுக்கும் வழிதான். ஒரே நிபந்தனை, ஒலிப்பதிவாளரை லொக்கேஷன் பார்க்கும்போதே கூட அழைத்துப் போங்கள்.

அப்படி அழைத்துப் போக முடியாதவர்கள் இதையாவது செய்யுங்கள். காட்சி நடக்கும் அதே நேரத்தில் அந்த வீட்டுக்குள் போய் நில்லுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், மொபைலில் ரெக்கார்டரை ஓடவிட்டு இருபது நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த வீட்டு மிக்ஸி, மாடியில் கட்டில் இழுக்கும் சத்தம், தூரத்து பம்ப்செட் எல்லாம் அதில் இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் இதைச் செய்யுங்கள்.